சம்பந்தியம்மாவின் நாலு டயர்

என் மருமகளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். அமைதியாக ஒரு காரியம் செய்து காட்டுவாள். அன்றைக்கும் அப்படித்தான். வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று, கைப்பையிலிருந்து ஒரு பத்து காசை எடுத்தாள். என் காரின் முன் டயர் பக்கத்தில் குந்தினாள். டயரில் பள்ளம் பள்ளமாக இருக்கவேண்டிய இடத்தில் அந்தக் காசைச் செருகப் பார்த்தாள். பள்ளம் இருந்தால்தானே? காசு வழுக்கிக் கீழே விழுந்தது.

"பாத்தீங்களா அத்தை? சுத்தமா பொத்தாக் ஆயிருச்சு."

பொத்தாக் என்றால் மொட்டை. எங்கள் பினாங்கில் தலைக்கும் டயருக்கும் அந்த ஒரே சொல்தான்.

"உன் மாமனாருக்கு முப்பது வயசுலயே பொத்தாக். அதுக்காக நான் ஆள மாத்திட்டேனா?"

அவள் சிரிக்கவில்லை. சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் மழையில், பள்ளிக்கூடத்து வளைவில் நான் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. தன் இஷ்டத்துக்கு ஒரு சறுக்கு சறுக்கி, ஒரு சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றிவைத்துவிட்டுத்தான் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த என் பேத்தி, ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள், வீட்டுக்கு வந்ததும் கைதட்டிச் சொல்லிவிட்டாள். "அம்மா, பாட்டி காடி டான்ஸ் ஆடுச்சு!"

"டயர் மாத்துற வரைக்கும் பாப்பாவ எங்கம்மா ஏத்திக்கிட்டுப் போகட்டும் அத்தை" என்றாள் மருமகள். காசைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டாள்.

எங்கம்மா. அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் காலையில் குடித்த கோப்பி புளித்துப்போனது.

என் மகன் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குப் போய்விடுவான். மருமகளுக்குக் கிளினிக் வேலை. அதனால் பேத்தியைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. டத்தோ கிராமாட்டில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் பத்து நிமிடம். வீட்டுக்கு வந்துவிட்டால் அவளுக்கு டிவி உண்டு, போன் உண்டு, நான் அலமாரி மாதிரி ஒரு பொருள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் சொல்வாள். யார் அழுதது, எந்த டீச்சர் முடிக்குச் சாயம் பூசினார், யார் வகுப்பில் காற்று விட்டது, எல்லாம். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மருமகள் தூக்கிச் சம்பந்தியம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

சம்பந்தியம்மாவைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும். அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். நன்றாக மீன் கறி வைப்பார். முடிந்தது.

அவர் கணவர், பைராம் என்கிற தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்ற காசில் ஒரு பெரிய வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கினாரே ஒழிய ஓட்டவில்லை. மழையில் எடுத்தால் சேறு, வெயிலில் எடுத்தால் சாயம் போகும். ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைப்பார், டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போடுவார், கோயில் வரைக்கும் போய்த் திரும்புவார். போன வருஷம் அவர் காலமானார். சம்பந்தியம்மா நிபோங் திபால் வீட்டை விற்றுவிட்டு ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடிக்கு வந்தார். கூடவே காரும் வந்தது.

அந்தக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றால், நாலு டயரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி மின்னும். பத்து காசைச் செருகினால் பாதி உள்ளே போகும். நான் செருகிப் பார்த்தேன். ஆள் இல்லாத நேரத்தில்தான்.

மாதாமாதம் சீட்டு மாதிரி கட்டிவந்த கூட்டுப் பணம் எனக்குக் கைக்கு வர இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் சாயங்காலம் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து என் புண்ணில் உப்பும் காரமும் தடவினாள்.

"பாட்டி, அம்மாச்சி காடில ஏசி ஜில்லுனு இருக்கு."

"சளி புடிக்கும்."

"சீட்டு மெத்து மெத்துனு இருக்கு."

"முதுகு கோணிக்கும்."

"அம்மாச்சி பாட்டு போடுறாங்க."

"நம்ம காடிலயும்தான் பாட்டு இருக்கு."

"நம்ம காடில பாட்டு வராது பாட்டி. கொரகொரனு சத்தம்தான் வரும்."

அவள் சட்டையில் அந்தக் காரின் மல்லிகை வாசனை வேறு. புட்டியில் அடைத்து ஏசி முன்னால் மாட்டுவார்களே, அந்த மல்லிகை. துவைத்தாலும் போகவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பூக்கார அக்காவிடம், பக்கத்து வீட்டில், கோயில் அன்னதான வரிசையில் என்று போன இடமெல்லாம் அந்தக் காரைப் பற்றி ஒன்று சொல்லிவைத்தேன். சம்பந்தியம்மாவிடமே நேராகச் சொன்னேன். "சம்பந்தி, உங்க வெள்ளக் காடி வந்து நின்னா, ஆம்புலன்ஸ் வந்துருச்சு, யாருக்கு என்ன ஆச்சோன்னு நெஞ்சு படபடங்குது லா." அடுத்த நாள் ஏசியைக் குறை சொன்னேன். அதற்கடுத்த நாள் சீட்டை. அவர் உதட்டால் மட்டும் சிரிப்பார். படித்த பெண்கள் அப்படித்தான் சிரிப்பார்கள், பல்லைச் செலவழிக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். மாற்றுவது என்று ஆகிவிட்டது. மாற்றினால் சம்பந்தியம்மா போட்டிருக்கிற அதே டயர். இல்லாவிட்டால் அதற்கு ஒரு படி மேலே.

என்ன டயர் என்று அவரிடமே கேட்பேனா? டயரின் பக்கவாட்டில் எல்லாம் எழுதியிருக்கிறதே. நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். ஆங்கில எழுத்தும் எண்ணும் முகம் தெரியும், குணம் தெரியாது. எது முக்கியம், எது வெட்டி என்று தெரியாததால், எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்வது என்று தீர்மானித்தேன். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்தேன். மருமகளின் புருவப் பென்சிலை எடுத்துக்கொண்டேன். எல்லாரும் கை கழுவப் போன நேரம், வெளியே மரத்தடியில் நின்ற வெள்ளைக் காரின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன்.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்பது லேசான வேலை இல்லை. வட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள். பாதி மேலே காருக்குள் போய்விடுகிறது, பாதி தரைக்கு வந்துவிடுகிறது. ஒரு டயரில் மறைந்திருந்தது அடுத்த டயரில் கண்ணில் பட்டது. இப்படி நாலு டயரையும் தவழ்ந்து சுற்றி, கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒரு மூலையில் முட்டை வடிவத்தில் சின்னக் கட்டம், அதற்குள் நாலு எண். விலையாக இருக்கும் என்று நினைத்து அதைச் சுற்றி ஒரு கோடும் இழுத்தேன்.

"என்ன சம்பந்தி, கீழ படுத்துருக்கீங்க?"

தலைமாட்டில் சம்பந்தியம்மாவின் கால். தாளை ஜாக்கெட்டுக்குள் திணித்தேன்.

"தோட்டுத் திருகாணி விழுந்துருச்சு சம்பந்தி."

"ஐயோ, தங்கமாச்சே" என்று அவரும் குந்தி, போன் விளக்கைப் போட்டு, அந்த வயதில் கால் மணி நேரம் என்னோடு புல்லில் தேடினார். இல்லாத திருகாணியை அவ்வளவு அக்கறையாகத் தேடிய ஆளைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. பொறாமைப்படுகிறவளிடம் நல்லவளாக நடந்துகொள்வது எவ்வளவு பெரிய அராஜகம்!

செவ்வாய்க்கிழமை கூட்டுப் பணம் வந்தது. அடுத்த தெரு டயர் கடைக்குக் காரை ஓட்டினேன். கடைக்காரர் பாய்க்கு என்னைப் பல வருஷமாகத் தெரியும். தாளை அவர் மேசையில் விரித்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்னாக்கா இது, மந்திரத் தகடா?"

"டயர் பாய். இதே மாதிரி நாலு வேணும்."

அவர் தாளையும் வெளியே நின்ற என் சின்னக் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அக்கா, இது பதினாறு இஞ்சு. உங்க காடி பதிமூணு. இத மாட்டுனா, சின்னப் புள்ள அப்பா சப்பாத்த போட்டுக்கிட்டு நடந்த மாதிரி இருக்கும். மாட்டவும் முடியாது லா."

"அப்ப அந்த அளவுல, இத விட ஒசத்தியா ஒண்ணு குடுங்க."

"யாருக்கு ஒசத்தி காட்டணும்?"

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவர் மூன்று டயரை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாகச் சாய்த்து வைத்தார்.

"இது சைனா. ஒண்ணு நூத்தி இருவது வெள்ளி. இது உள்ளூரு, நூத்தி அறுவது. இது ஜப்பான், இருநூத்தி அம்பது. மொதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. எங்கெங்க ஓட்டுறீங்க?"

"பள்ளிக்கூடம், பசாரு, கோயிலு."

"ஹைவே?"

"யாராச்சும் செத்தா."

"எவ்ளோ ஸ்பீடு?"

"பாய், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அறுவது. அடிக்கலைனா நாப்பது."

"அப்ப ஜப்பான் உங்களுக்கு வேணாம். அது நூத்தி முப்பதுல பறக்குறவனுக்கு. அவ்ளோ காசு குடுத்து பசாருக்கு மீன் வாங்கப் போவீங்களா? சைனா, வெயில்ல பரவால்ல. மழைல எனக்கு மனசு வராது, நீங்க புள்ளய ஏத்துறீங்க. இந்த உள்ளூரு பாருங்க, தண்ணி வெளிய ஓடுறதுக்கு எவ்ளோ ஆழமா வாய்க்கா வெட்டிருக்கான். உங்க ரோட்டுக்கு, உங்க மழைக்கு, உங்க பணப்பைக்கு இதான் சரி."

பிறகு என் காரைச் சுற்றி வந்து முன் டயரின் உள்பக்கம் கையைவிட்டுத் தடவினார். "உள்பக்கம்தான் ரொம்பத் தேஞ்சிருக்கு. அலைன்மென்ட் கோணலு. அத சரி பண்ணாம புதுசு போட்டா, புதுசும் இப்பிடித்தான் போவும். பின்னாடி ரெண்டும் இன்னும் ஒரு வருஷம் ஓடும். ரெண்டு மட்டும் வாங்குறதுனா வாங்குங்க. ஆனா புதுச பின்னாடி போட்டுட்டு, பின்னாடி உள்ளத முன்னாடி போடணும். பின்பக்கம் சறுக்குனா பொம்பள, ஆம்பள யாராலயும் புடிக்க முடியாது."

"நாலும் போடுங்க. அவங்களுக்கு நாலும் பளபளங்குது."

பாய் ஆளைக் கூப்பிட்டுக் காரை ஏற்றச் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்து தாளை மறுபடி எடுத்தேன். மனசு ஆறவில்லை.

"பாய், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தக் கட்டத்துல போட்டுருக்கே, இதானே அவங்க டயர் வெல?"

அவர் வாங்கிப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"வெல இல்லக்கா. பொறந்த தேதி. மொத ரெண்டு எந்த வாரம் செஞ்சது, கடைசி ரெண்டு எந்த வருஷம்." விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்தது. இன்னொரு கையும் முடிந்தது. மறுபடி முதல் கையில் ஒரு விரலை மடக்கினார். "பதினோரு வருஷம்."

எனக்குள் தீபாவளி வெடித்தது. பொய் சொல்லமாட்டேன். பதினோரு வருஷத்துக் கிழட்டு டயருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டா என் வாசலில் வந்து மின்னினார்? யார் யாரிடம், எந்த வரிசையில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பக்கவாட்டுல பொடிப்பொடியா வெடிப்பு இருந்துச்சா?"

இருந்தது. தவழ்ந்தபோது பார்த்தேன். குதிகால் வெடிப்பு மாதிரி.

"ஓடாம நின்ன காடியா? அதான் பள்ளம் தேயல. பாக்க புதுசாத்தான் இருக்கும். ஆனா ரப்பரு கல்லாயிருக்கும். வெயில்ல ஒரு நாள் வெடிச்சாலும் வெடிக்கும். மழைல பிரேக் போட்டா, உங்க பொத்தாக் டயரு மாதிரியேதான் போவும். யாருக்கா போறா அதுல?"

அப்போதுதான் என் தீபாவளி நின்றது. வெளியே கொடிமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. ஒரு மணிக்குப் பள்ளி விடும்.

சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சம்பந்தி, இன்னைக்கு நீங்க காடி எடுக்காதீங்க. உங்க டயரு சரியில்ல. நான் போயி புள்ளய கூட்டிக்கிறேன்."

அந்தப் பக்கம் கார்ச் சாவி குலுங்குகிற சத்தம் கேட்டது.

"மொதல்ல கலரு சரியில்ல. அப்பறம் ஏசி. அப்பறம் சீட்டு. இன்னைக்கு டயரா சம்பந்தி? பொத்தாக் டயரு யாருதுன்னு ஊருக்கே தெரியும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. போனை வைத்துவிட்டார்.

மருமகளுக்குப் போட்டேன். "அத்தை, ப்ளீஸ். எங்கம்மா உங்களுக்கு என்ன பண்ணாங்க?" அவளும் வைத்துவிட்டாள்.

பாயின் கடையில் என் கார் நாலு காலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. இத்தனை நாள் வாய் கூசாமல் பொய்க் குறை சொன்னேன், எல்லாரும் கேட்டார்கள். ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், கேட்க ஒரு காது இல்லை.

"பாய், சீக்கிரம்! அலைன்மென்ட் நாளைக்குப் பாத்துக்கலாம்!"

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. வெள்ளைக் கார் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. சம்பந்தியம்மா குடையோடு இறங்கி, பேத்தியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கார்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"தள்ளுங்க சம்பந்தி. புள்ள நனையிறா."

"தள்ளமாட்டேன்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எனக்கு உங்க மேல பொறாமைதான். பத்து நாளா சோறு எறங்கல. உங்க டயரு மாதிரியே வாங்கணும்னு ஞாயித்துக்கெழம உங்க காடிக்கு அடியில படுத்து எல்லாத்தையும் எழுதுனேன். திருகாணி விழல. தோடே போடல அன்னைக்கு. இந்தாங்க." தாளை நீட்டினேன். மழையில் புருவப் பென்சில் கரைந்து வழிய ஆரம்பித்தது. "கட்டத்துல இருக்குற நாலு நம்பரு. உங்க டயர்ல போயி நீங்களே பாருங்க. கடைசி ரெண்டு வருஷமாம். நீங்க படிச்சவங்க, கழிச்சுப் பாருங்க."

அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பொறாமைக்காரி பொய் சொல்வாள், ஆனால் இப்படித் தன் மானத்தைத் தானே வாசலில் காயப்போடமாட்டாள் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். குடையைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு, மழையில் குந்தி டயரைப் பார்த்தார். விரலால் அந்த வெடிப்புகளைத் தடவினார். வெகுநேரம் எழவில்லை.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் தொடச்சாரே" என்றார். "நான் புதுசுன்னே நெனச்சேன்."

எனக்குச் சொல்ல ஒரு நக்கல் தயாராக இருந்தது. சொல்லவில்லை. வெள்ளைக் காரை ஓரமாகப் பூட்டிவிட்டு மூன்று பேரும் என் காரில் வந்தோம். சம்பந்தியம்மாவின் சேலையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் சீட்டெல்லாம் ஆகிவிட்டது. அதையும் சொல்லவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை வாயை அடக்கியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து அவரும் பாய் கடையில் நாலு டயர் மாற்றினார். இனி அடிக்கடி பாலம் தாண்டி நிபோங் திபால் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதாகச் சொன்னதால் பாய் அவருக்கு விலை கூடியதையே கொடுத்தார். அலைன்மென்ட்டுக்குக் காசு வாங்கவில்லையாம். எனக்கு மட்டும் வாங்கினார். இதைப் பற்றி நான் பாயிடம் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது.

"ரெண்டு பேரு டயரும் புதுசு. இனி யாரு கூட்டிட்டுப் போறதுன்னு நீங்களே பேசி முடிச்சுக்குங்க" என்று மருமகள் கையை உதறிவிட்டாள்.

பேசினோம். திங்கள், செவ்வாய் எனக்கு. புதன், வியாழன் அவருக்கு. வெள்ளிக்கிழமையில் வந்து முட்டிக்கொண்டது. நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரே காரில் போவது என்று முடிவானது.

முதல் வெள்ளிக்கிழமை நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்து ஜெயித்தேன். பேத்தி ஓடிவந்து பின் கதவைத் திறந்து அம்மாச்சி மடியோடு ஒட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவர் காதுக்குள் கிசுகிசு என்று என்னென்னவோ சொன்னாள். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சம்பந்தியம்மாவின் பல் எல்லாம் எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

"என்னடி, பாட்டிக்கும் சொல்லு."

"நீங்க ரோட்ட பாருங்க பாட்டி."

ரோட்டைப் பார்த்தேன். ஸ்டீயரிங் எனக்கு, பத்து நிமிடம் அவருக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில், பேத்தி வருவதற்கு முன்பே, சாவியை எடுத்து நீட்டினேன்.

"சம்பந்தி, இன்னைக்கு நீங்க ஓட்டுங்க. எனக்குக் கை வலிக்குது."

அவர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வலது கையை எடுத்து இடது கையால் மெதுவாக நீவிவிட்டுக்கொண்டார்.

"எனக்கும்தான் சம்பந்தி, காலையிலேருந்து ஒரே வலி."

பேத்தி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். "அப்ப யாரு காடி ஓட்டுறது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் கையைத் தடவிக்கொண்டே நின்றோம்.